கூடை 4417

இரவு எட்டுக்கு சாட்ஸ்வொர்த்தில் மின்சாரம் போகும்.
எட்டு மூன்றுக்கு
என் திரையில் கூடைகள் நிற்கும் வரிசையாக,
தள்ளிக்கொண்டு வந்தவர்கள் இல்லாமல்.
பாதி நிரம்பியவை.
விலாசம் வரை வந்தவை.
அட்டை எண் கேட்டதும் கூசிப்போனவை.

கடைசிப் பக்கத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்
கூரியர் நூற்றுப் பத்து ராண்ட் என்று,
நாற்பது ராண்ட் கற்பூரத்துக்கு.
உள்ளே அழைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி,
தண்ணீரும் கொடுத்துவிட்டு
வாசற்படிக்கு வாடகை கேட்பதுபோல.

நூற்றில் எழுபத்திரண்டு பேர் திரும்பிப் போனார்கள்.
அந்த எண்ணைச் சொல்லும்போதெல்லாம்
முதலாளி மூட்லி
பல்வலிக்காரர் மாதிரி தாடையைப் பிடித்துக்கொள்வார்.
"துரத்து, தேஷினி.
ஒரு மணி நேரத்தில் ஒரு கடிதம், மறுநாள் ஒன்று,
மூன்றாம் நாள் பத்து சதவீதம் தள்ளுபடி."

எழுதினேன்.
*அடடா, எதையோ மறந்துவிட்டீர்களே!*
*உங்கள் கூடை உங்களைத் தேடுகிறது.*
கூடை யாரையும் தேடாது.
தேடுவது நாங்கள்.

பிறகு, அவரைக் கேட்காமல்,
கூரியர் விலையைத் தூக்கிவந்து
குத்துவிளக்கின் காலடியிலேயே வைத்தேன்.
கணக்குத் திற, கடவுச்சொல் வை,
அதில் ஒரு பெரிய எழுத்து வேண்டும், ஒரு எண் வேண்டும்
என்ற அதிகாரத்தையெல்லாம் அழித்தேன்.
டொங்காட் சரிவில் சிக்னல் இல்லாதவர்களுக்கு
ஆறு இலக்கம் வந்துசேர
பத்து நிமிடம் கூடக் கொடுத்தேன்.
எழுபத்திரண்டு, அறுபத்தொன்று ஆனது.
மூட்லி தாடையை விட்டுவிட்டு
எல்லோருக்கும் சமூசா வாங்கினார்.

4417 மட்டும் அசையவில்லை.
உம்சின்டோ. பெயர் தனபாலன்.
செப்டம்பரில் மஞ்சள் வேட்டி ஒன்று.
அக்டோபரில் மயில்பீலி, இரண்டு கட்டு.
நவம்பரில் பித்தளை வேல், பதினெட்டு அங்குலம்;
மறுநாள் அதை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு அங்குலம்.
டிசம்பரில் இன்னொரு மஞ்சள் வேட்டி,
ஆறு வயது அளவு.
ஒவ்வொரு முறையும் பணம் கட்டும் பக்கம் வரை வந்து
மொத்தத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

முப்பது நாள் யாரும் தொடாத கூடையை
எங்கள் இயந்திரம் கவிழ்த்துவிடும்.
ஆகஸ்டில் ஒருமுறை அவருடையது கவிழ்ந்திருக்கிறது.
அதற்குப்பின்
இருபத்தொன்பதாம் நாள் தவறாமல் வந்து
ஒரு ஊதுபத்திப் பெட்டியைப் போட்டு
உடனே வெளியே எடுத்துவிடுகிறார்.

மூன்றாம் கடிதத்துக்குப் பதில் வந்தது,
ஆங்கிலத்தில், கடைசிச் சொல் மட்டும் 'நன்றி'.
மறக்கவில்லை மேடம்.
சர்க்கரை ஆலை டிசம்பரில் நின்றுவிடும்.
ஜனவரி பதினைந்தில் ஒரு பணம் வரவேண்டும்.
காவடிக்கு முன்னால் எடுத்துக்கொள்கிறேன்.
அதுவரை
வேலை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

ஆங்கிலத்தில் அது வெறும் பித்தளை.
தமிழில் சொல்லிப் பார்த்தபோதுதான்
வேலும் வேலையும்
ஒரே சொல்லாக வந்து நின்றன.

அன்றிரவு முப்பது என்ற எண்ணை
முந்நூற்று அறுபத்தைந்து ஆக்கினேன்.
இப்போது எந்தக் கூடையும் கவிழ்வதில்லை;
ஆகவே எல்லாம் கைவிடப்பட்ட கணக்கில் ஏறுகின்றன.
அறுபத்தொன்று, அறுபத்துநான்கு.
மூட்லியின் கை மறுபடி தாடைக்குப் போயிருக்கிறது.
காரணம் கேட்கிறார்.
பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறேன்,
அது பொய்யில்லை.

இன்று பதினாறாம் தேதி.
நான்காம் கட்ட மின்வெட்டு, தெற்குக் கரை முழுக்க இருட்டு.
பன்னிரண்டு அங்குலத்தில் இரண்டுதான் மிச்சமிருந்தன;
மத்தியானம் ஃபீனிக்ஸிலிருந்து ஒருவர் ஒன்றை வாங்கிவிட்டார்,
நான்கே நிமிடத்தில், நான் சரிசெய்த வழியாக.
மற்றதன் கூர்முனையில்
பழைய இன்வாய்ஸைச் சுற்றி
என் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.
டிராயர் முழுசாக மூடவில்லை.